பக்கத்து நெரைக்காரியின் இங்கிலீஷ்

தகரத்தில் இரண்டு தட்டு. டப், டப்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பஸ்ஸில் கண்டக்டர் வெளித்தகரத்தை உள்ளங்கையால் தட்டினால் பஸ் நிற்கும். போன வாரம் அந்தச் சத்தத்தோடு அவருடைய குரலும் சேர்ந்து வந்தது.

"பஹின்ன, பஹின்ன! எறங்குங்க, எறங்குங்க! மேடம், கெட் டவுன், கெட் டவுன்!"

ஒரே மூச்சில் மூன்று மொழி. கடைசி மொழி, முதுகில் அலுமாரி அளவுக்கு ஒரு பையோடு நின்றிருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு. அவள் இறங்கினாள். எனக்கு இன்னும் நாலு வளைவு தாண்டித்தான் இறக்கம். ஆனால் என் மனசு அவளுக்கு முன்னாலேயே குதித்து, ஈரமான தேயிலைக்குள் ஓடிப்போய்விட்டது.

"கெட்." இங்கிலீஷில் மூன்று எழுத்து. கொழுந்துக் கூடையில் ஒரு கிள்ளுகூட ஆகாது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் துரை பங்களாவுக்குள் போய் உட்கார்ந்த கதை எனக்கு ஞாபகம் வந்தது.

சப்பாத்துக் கடையின் மேல்மாடி

இரண்டு மழைக்காலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகள் அவை. அப்போது நான் ஹட்டனில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் குடியிருந்தேன்.

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் கால்களைப் பற்றித் தெரியும். ஓரிடத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் ஊன்றாத கால்கள். ராகலை, கொத்மலை, நோர்வூட் என்று பள்ளிக்கூடம் மாறி, வீடு மாறி, ஒரு பெட்டியும் ஒரு தடித்த அகராதியுமாக அங்கே வந்து சேர்ந்திருந்தேன். படிப்பிப்பது இங்கிலீஷ். எழுதுவது தமிழ். சமைக்கத் தெரிந்தது பருப்பு மட்டும்.

கடைக்காரரை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். அவர் கடையின் புது ரப்பர் வாசனை மரப்படி ஏறி என் கட்டில்வரை வந்து உட்காரும். இன்றைக்கும் ஒரு புதுச் செருப்பை மூக்கருகே கொண்டுபோனால் எனக்கு இங்கிலீஷ் பாடம்தான் நினைவு வரும்.

அந்த வாசனைக்கு நடுவே ஒரு ஞாயிறு காலை இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவள் மூச்சு வாங்காமல் கேட்டாள்.

"டீச்சர், இங்கிலீசு இருக்கா?"

"எவ்வளவு வேணும்?" என்றேன், நானாவின் குரலில்.

"ரெண்டு மாசத்துல தவண கட்டி முடிக்கிற அளவு."

அவள் மல்லிகா. முப்பத்தெட்டு வயசு, சிரிக்கும்போது ஒரு பக்கத்துப் பல் கொஞ்சம் முந்தி வரும். பின்னால் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தவர் புஷ்பம். நாற்பத்து மூன்று. வலது முழங்காலைத் தனியாக ஒரு பிள்ளையைக் கூட்டிவருவதுபோலப் பக்குவமாகக் கூட்டி வந்தார். இருவரும் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள்.

செய்தி இதுதான். அவர்களுடைய தோட்டத்துப் பழைய துரை பங்களா ஹோட்டலாகிவிட்டது. தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களைத் தேயிலைக்குள் நடத்திக் கூட்டிப்போய், கொழுந்து பறிப்பதைக் காட்டிச் சொல்ல ஒரு பெண் வேண்டுமாம். தோட்டத்துப் பெண்ணாகவே இருக்க வேண்டுமாம். கொஞ்சம் இங்கிலீஷ் பேச வேண்டுமாம். ஒரே ஒரு இடம்.

"பெரட்டுக் களத்துல கங்காணி ஃபோம் நீட்டுனாரு டீச்சர்," என்றார் புஷ்பம். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்தான் பெரட்டுக் களம். "நான் நெரப்பிக் குடுத்துட்டேன். இது கெடைச்சா பாஸ்போட்டு பொட்டியிலயே கெடக்கும். கெடைக்கலன்னா மூணு மாசத்துல குவைத்துக்கு ஏறணும். மெடிக்கலும் எடுத்தாச்சு. மகள ராகலையில எந் தங்கச்சி வீட்டுல விடணும். அவளுக்கு வர்ற வருஷம் பள்ளிக்கூடத்துல பெரிய சோதனை."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, நேராக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தார். புஷ்பத்தின் கணவர் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருவார் என்று மல்லிகாதான் சொன்னாள்.

"நீங்க?" என்று மல்லிகாவைக் கேட்டேன்.

"நான் சும்மா தொணைக்கு."

"பொய்யி டீச்சர். அவளும் ஃபோம் குடுத்திருக்கா."

"கங்காணி ரெண்டு தாளு நீட்டுனாரு. ஒண்ண எப்படிக்கா திருப்பிக் குடுக்கிறது? மரியாதையில்ல?"

ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிற இரண்டு பேர், ஒரே பஸ்ஸில், ஒரே பொட்டலத்து வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

ஒரு கூடைச் சொல்

இரண்டு மாசம் என்றால் எட்டு ஞாயிறு. எட்டு ஞாயிறில் காலம், எண், இடம் என்று பாடப் புத்தகத்தைத் திறந்தால் புத்தகம் திறந்தபடியே இருக்கும், புஷ்பம் குவைத்தில் இருப்பார்.

நானாவிடம் சப்பாத்துப் பெட்டியின் அட்டை ஒன்றை வாங்கி வந்து, விரித்து, நடுவில் கறுப்பு மையில் எழுதினேன்: கெட்.

"இந்த ஒரு சொல்லுதான். இது கையில இருந்தா முக்கால் இங்கிலீஷ் பேசிடலாம்."

மல்லிகா சந்தேகமாகப் பார்த்தாள். "கெட்டுப் போன சாமான் மாதிரி இருக்கே டீச்சர்."

எழும்புவது கெட் அப். நனைவது கெட் வெட். களைத்துப் போவது கெட் டயர்ட். தேத்தண்ணி கொண்டு வருவது கெட் டீ. ஏறுவது கெட் இன், இறங்குவது கெட் டவுன், வழி தவறுவது கெட் லாஸ்ட். வாங்கினாலும் கெட், கிடைத்தாலும் கெட், புரிந்தாலும் கெட். கலியாணம் முடிக்கக்கூட கெட் தான் வேண்டும்.

தமிழில் இந்தக் காரியங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிச் சாவி. இங்கிலீஷ்காரன் ஒரே ஒரு வேலைக்காரியை வைத்துக்கொண்டு கூட்டவும் பெருக்கவும் தண்ணீர் அள்ளவும் பிள்ளை பார்க்கவும் அவளையே ஏவிக்கொண்டிருக்கிறான். பாவம் அந்தச் சொல். ஓய்வே கிடையாது.

"எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுட்டீங்க," என்றாள் மல்லிகா. "நெறுக்கையில குழம்பிறாதா?"

குழம்பவில்லை. இரண்டாவது ஞாயிறே மல்லிகா ஓட ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர், ஐ கெட் பஸ். பஸ் கெட் லேட். ஐ கெட் ஆங்கிரி. கண்டக்டர் கெட் ஏச்சு." ஏச்சுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, ஏச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

புஷ்பம் ஓடவில்லை. எழுதுவார். கேட்டால் சரியாகத் தலையாட்டுவார். வாய் திறந்தால் "ஐ" என்ற முதல் படியில் நின்றுவிடுவார். முழங்காலைப் போலவே.

"ஐ கெட் அப்… சொல்லுங்க புஷ்பம். நீங்க காலையில எழும்புறதுதானே?"

"எழும்புறேன் டீச்சர். அதப்போய் ஒருத்தங்ககிட்ட எப்படிச் சொல்றது? எல்லாரும்தான் எழும்புறாங்க."

அப்பாவும் ஆடும்

இங்கே கொஞ்சம் பாதை விலகுகிறேன்.

என் அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் இரண்டு சொல். கெட் அவுட்.

அவர் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் தட்டுகளில் வேலை செய்தவர். அந்த இரண்டு சொல்லையும் ஆபீஸ் ஜன்னலில்தான் பொறுக்கி வந்திருந்தார். லீவு கேட்டுப் போன இடத்தில் கையில் கொடுத்தது அதைத்தான். இனாமாக வந்த சாமான் வீணாகக் கூடாது என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த போஞ்சிப் பாத்திக்குப் பக்கத்து வீட்டு வெள்ளாடு தினமும் வரும். தமிழில் எத்தனையோ விரட்டியிருக்கிறார். நகராது. ஒருநாள் நெஞ்சை நிமிர்த்தி, துரையின் குரலில், "கெட் அவுட்!" என்றார். ஆடு போஞ்சியை வாயிலிருந்து போட்டுவிட்டு ஓடியது.

"பாத்தியா," என்று என்னிடம் திரும்பினார். "படிச்ச ஆடு."

நான் இங்கிலீஷ் படிக்க முடிவெடுத்தது அன்றைக்குத்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு மொழி ஓர் ஆட்டையே அசைக்கும் என்றால் என்னை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்று அந்த வயசுக் கால்கள் யோசித்திருக்க வேண்டும்.

இந்தக் கதையைச் சொன்னபோது புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "அப்பாவுக்கு லீவு கெடைச்சுதா டீச்சர்?"

அதுவரை யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் ஆட்டோடு நின்றுவிடுவார்கள்.

கிடைக்கவில்லை என்றேன்.

அகராதியில் இல்லாத ஓர் இறக்கம்

நாலாவது ஞாயிறு பாடத்தின் நடுவே நானாவின் குரல் படியேறி வந்தது. என் கால் அளவுக்குச் சப்பாத்து முடிந்துவிட்டதாம்.

"கவலப்படாதீங்க டீச்சர். கொழும்புல இருந்து ரெண்டு நாள்ல கெட் டவுன் பண்ணித் தாரேன்."

மல்லிகா விரலைத் தூக்கினாள். "கெட் டவுன்னா பஸ்ஸ விட்டு எறங்குறதுன்னு சொன்னீங்க?"

சொன்னேன்தான். தடித்த அகராதியைத் திறந்து, கெட்டின் கீழே விரல் வைத்துக்கொண்டே போனேன். இறங்குதல் இருந்தது. மனம் சோர்தல் இருந்தது. வெளியூரிலிருந்து சாமானையோ ஆளையோ வரவழைத்தல் என்பது அதில் இல்லவே இல்லை. ஆனால் நம் நாட்டில் எல்லோரும் கெட் டவுன் பண்ணுகிறார்கள். மருந்து கெட் டவுன் பண்ணுகிறார்கள், மேளக்காரரைக் கெட் டவுன் பண்ணுகிறார்கள், மாப்பிள்ளையைக்கூடக் கனடாவிலிருந்து கெட் டவுன் பண்ணுகிறார்கள்.

அன்று மாலை அவர்கள் போன பிறகு அந்தச் சொல் என்னோடேயே அறையில் உட்கார்ந்திருந்தது. தேயிலை நட மலையைச் சுட்டுத் துப்புரவாக்கிய காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வேண்டும் என்று எந்தத் துரையாவது கடிதம் எழுதியிருந்தால் இந்தச் சொல்லைத்தான் போட்டிருப்பான் என்று தோன்றியது. அப்படி ஒரு கடிதத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் தோன்றியது. அப்படியானால் நாங்களும் கெட் டவுன் பண்ணப்பட்டவர்கள். இறக்கிய இடமோ நாலாயிரம் அடி உயரம். இறங்கி இறங்கி இவ்வளவு உயரத்துக்கு வந்து சேர்ந்த சனம் வேறெங்காவது இருக்குமா?

மறுவாரம் இதைச் சொன்னேன். புஷ்பம் கவலையோடு கேட்டார். "அப்ப குவைத்துக்கு என்னையும் கெட் டவுன் பண்றாங்களா டீச்சர்?"

மல்லிகா அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள். "ஒன்னைய யாரும் எங்கயும் பண்ணல. ஐ கெட் அப், சொல்லு."

கிரீம் பிஸ்கட்

பேட்டி ஒரு சனிக்கிழமை காலை. நானும் போனேன்.

பங்களாவின் வராந்தாவில் பளபளவென்று சிவப்புத் தரை. பழைய காலத்தில் எங்கள் ஆட்கள் ஏறாத தரை. இருவரும் செருப்பைப் புல்லிலேயே விட்டுவிட்டார்கள். ஆளெடுக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த ஹோட்டல் அம்மணிக்குக் கட்டை முடி, காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, கண்ணில் களைப்பு. தமிழ் தெரியாது என்று மன்னிப்புக் கேட்டார். நல்லவர் என்று முதல் பார்வையிலேயே தெரிந்தது. அதனால் எனக்குப் பயம் கூடியது. கெட்டவர் என்றால் பழியாவது போடலாம்.

தேத்தண்ணியும் கிரீம் பிஸ்கட்டும் வந்தன. என்னைச் சுவரோரத்து வாங்கில் உட்கார வைத்தார்கள். அவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள்.

இங்கே அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்து மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நெரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலை. எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக மேலே ஏறுவார்கள். பக்கத்து நெரைக்காரி பின்தங்கினால், முன்னால் போனவள் நின்று, கையை நீட்டி, அவளுடைய செடியிலும் நாலு பிடி பறித்து, அவளுடைய கூடையிலேயே போட்டு அவளை இழுத்துக்கொண்டு போவாள். கேட்டுச் செய்வதில்லை. செய்த பிறகு பேசுவதுமில்லை. புஷ்பமும் மல்லிகாவும் பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நெரை.

அம்மணி புஷ்பத்தைப் பார்த்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

புஷ்பம் "ஐ" என்றார்.

மூடுபனி வராந்தா விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. புஷ்பம் இன்னும் "ஐ"யிலேயே நின்றிருந்தார்.

"ஷி கெட் அப் ஃபோர் தர்ட்டி, மேடம்," என்றது பக்கத்துக் கதிரை. "ஷி கெட் வாட்டர். ஷி கெட் டாட்டர் ரெடி, ஸ்கூல்."

அம்மணி சிரித்தார். அவரே சொல்லட்டும் என்றார். அடுத்த கேள்வி: நடக்கும்போது விருந்தாளி களைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

புஷ்பத்தின் கண் முழங்காலுக்குப் போனது.

"கெஸ்ட் கெட் டயர்ட், ஷி கெட் ஸ்டோன், கெஸ்ட் சிட்," என்றாள் மல்லிகா. கல்லைக் காட்டி உட்கார வைப்பாராம்.

அம்மணி பேனாவை மேசையில் வைத்தார். இப்போது சிரிப்பில்லை. நான் சுவரோரத்திலிருந்து கண்ணைக் காட்டினேன், இருமினேன், கடைசியில் வாய்விட்டே சொன்னேன். "மல்லிகா, ஒங்ககிட்ட கேட்டா மட்டும் பேசுங்க."

"அக்கா நின்னுருச்சு டீச்சர். நான் பாத்துக்கிட்டு நிக்கிறதா?"

இரண்டு பேருக்குமே முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் நான் மனசுக்குள் மல்லிகாவின் பக்கம் சாய்ந்துவிட்டேன். நன்றாகப் பேசுகிறவள் அவள். அவள் வென்றால் என் பாடம் வென்றது. குவைத்து, பாஸ்போட், ராகலைத் தங்கச்சி எல்லாம் தெரிந்திருந்தும் என் வாத்தியார்ப் புத்தி அப்படிப் போனது.

அம்மணி மல்லிகாவின் பக்கம் திரும்பினார். சரி, உங்களிடம் கேட்கிறேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டால்?

மல்லிகா வாயைத் திறந்தாள். வந்தது இருமல். வாய்க்குள் முழுசாகக் கிரீம் பிஸ்கட் இருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர், கையில் நடுங்கும் கோப்பை, இருமலுக்கு மேல் இருமல்.

புஷ்பம் ஒரு கையால் அவள் முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டே அம்மணியைப் பார்த்தார். பேசினார்.

"ரெய்ன் கம், கெஸ்ட் கெட் வெட். ஷி கெட் அம்ப்ரெல்லா. கெஸ்ட் கெட் கோல்ட். ஷி கெட் ஜிஞ்சர் டீ, ஹொட். கிராஸ் வெட், கெஸ்ட் கெட்…"

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு இங்கிலீஷில் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு விரலால் தன் கெண்டைக்காலில் நெளிந்து நெளிந்து ஏறிக் காட்டி, ஒரு கிள்ளுக் கிள்ளினார். அம்மணி சப்பாத்துக் கால் இரண்டையும் கதிரைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"நோ ஃபியர், மேடம். ஷி கெட் சோப். சோப் புட், ஃபினிஷ்."

தட்டுவதை நிறுத்தவேயில்லை. முதுகில் ஒரு தட்டு, வாயில் ஒரு கெட். எட்டு ஞாயிறு பூட்டிக் கிடந்தது அத்தனையும் வந்துகொண்டிருந்தது.

அம்மணி காலைக் கீழே வைத்து, முன்னுக்குச் சாய்ந்து, இப்போது புஷ்பத்தையே கேட்டார். விருந்தாளி தேயிலைக்குள் வழி தவறிவிட்டால்?

"நோ கெட் லாஸ்ட்," என்றார் புஷ்பம் உடனே. "ஷி வோக், லுக் பேக். வோக், லுக் பேக்." கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நெரையில் மேலே ஏறுகிறவள் பக்கத்துக்காரி எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பாளே, அந்தத் திருப்பம்.

மலைக்குப் போன செய்தி

இறங்கி வரும் வழியில் மல்லிகாவைத் திட்டினேன். பேட்டி என்றால் அவரவர் வாயால் பேச வேண்டும், இது சோதனை மாதிரி, பார்த்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேப்பரும் போகும் என்றேன்.

"டீச்சர், நீங்க நல்லவங்க," என்றாள் அவள். "ஆனா நெரையில நின்னதில்ல. பக்கத்துல ஒருத்தி நிக்கிறப்ப நாம மட்டும் மேல போய் நின்னா, அங்க என்ன செய்யிறது? தனியா வேடிக்க பாக்குறதா?"

"அதுக்காக ரெண்டு பேரும் கீழயே நிக்கிறதா?"

புஷ்பம் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். தன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் யாரோ பேசியது என்பதுபோல முகத்தை வைத்திருந்தார்.

ஒன்பது நாள் கழித்து அம்மணி என் போனுக்குப் பேசினார். பெயர் அவருக்குக் குழம்பியிருந்தது. அந்த அட்டைப் பெண் என்றார். இங்கிலீஷ் கொஞ்சம்தான், பரவாயில்லை, வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வார் என்று தெரிகிறது, மூன்று மாசம் வைத்துப் பார்ப்போம் என்றார். மற்றவரும் கெட்டிக்காரி, ஆனால் எங்களுக்கு ஒருவர்தான் தேவை, மன்னிக்க வேண்டும் என்றார்.

பின்னேரமே பஸ் ஏறி மலைக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். என் கால்கள் சம்மதிக்கவில்லை.

இருவரும் நெரையில் நின்றார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையிலிருந்து தொங்கும் கூடை. கீழே பாதையில் நின்றபடியே புஷ்பத்தின் பெயரைச் சொல்லி, "ஒங்களுக்குத்தான்!" என்று கத்தினேன்.

புஷ்பத்தின் கை நின்றது. மல்லிகாவின் கை நிற்கவில்லை. முன்னைவிட வேகமாகப் பறித்தது. ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று பிடி. பிறகு அந்த மூன்று பிடியையும் கொண்டுவந்து புஷ்பத்தின் கூடையில் போட்டாள்.

"எந் தொண்டையில பிஸ்கட்டு சிக்காட்டி ஒனக்கு ஏதுக்கா வேல?" என்றாள். "மொதச் சம்பளத்துல ஒரு பெட்டி கிரீம் பிஸ்கட்டு. சொல்லிட்டேன்."

புஷ்பம் அழுதார். குவைத்துக்குப் போகிறேன் என்று அத்தனை நாள் கண் கலங்காமல் சொன்னவர், போகாமல் இருக்கப் போவதற்கு அழுதார்.

நான் மல்லிகாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அந்த இருமல் நிஜமா?

"கிரீம் பிஸ்கட்டு டீச்சர்," என்றாள், முந்திய பல் தெரிய. "ரெண்டா சேத்துப் போட்டுட்டேன்." அதற்கு மேல் அவளிடமிருந்து எனக்கு ஒன்றும் கெட் ஆகவில்லை.

பாதை பிரியும் இடம்

முதல் நாள் வேலைக்குப் போகும்போது நீங்களும் வாங்க டீச்சர் என்று புஷ்பம் கேட்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறை. போனேன்.

பெரட்டு கலைந்து எல்லோரும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புஷ்பம் ஹோட்டலில் கொடுத்த பச்சைச் சேலையில், மடிப்புக் கலையாமல், காலில் நானா கடைச் சப்பாத்தோடு நின்றார். கெட் டவுன் பண்ணிய சப்பாத்து. மல்லிகா கூடையும் படங்குமாக அவரைச் சுற்றி ஒருமுறை வந்தாள்.

"துரைசாணி கணக்கா இருக்க. முழங்கால்ல தைலம் தேச்சியா?"

"தேச்சேன்டி."

"மேடம் பக்கத்துல போய் நாறப் போற."

பாதை அங்கே இரண்டாகும். வலது கை பங்களாவுக்கு மேலே ஏறும். இடது கை ஒன்பதாம் நம்பர் மலைக்கு. பன்னிரண்டு வருஷம் இருவரும் இடது கைக்கே போனவர்கள். அன்றைக்குப் புஷ்பத்தின் நெரைக்கு யாரை விடுவார் என்று கங்காணி இன்னும் சொல்லவில்லை. மல்லிகா அதைக் கேட்கவுமில்லை.

அங்கே யாரும் கட்டிப் பிடிக்கவில்லை, கை குலுக்கவில்லை. புஷ்பம் வலது பக்கம் பத்தடி போனார். மல்லிகா இடது பக்கம் பத்தடி போனாள். நடுவில் நான், எந்தப் பக்கமும் போகாமல், வாழ்க்கையில் முதல்முறையாகக் கால் ஊன்றி நின்றேன்.

புஷ்பம் கழுத்தைத் திருப்பினார். அதே திருப்பம்.

மல்லிகாவும் அதற்காகவே காத்திருந்தாள்போல நின்றிருந்தாள். வாய்க்குக் கை கொடுத்துக் கத்தினாள்.

"யக்கா! அங்க நல்லா ஊனி நின்னுக்க! நின்னுட்டு என்னையும் கெட் டவுன் பண்ணிரு!"

"அடியே, பங்களா மேலயில்ல இருக்கு! மேல வர்றதுக்கு எப்படிடி கெட் டவுனு?"

"அதெல்லாம் டீச்சரு பாத்துக்குவாங்க! நீ பண்ணுவியா மாட்டியா?"

புஷ்பம் பச்சைச் சேலையின் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினார். கொழுந்து மலைக்கு இறங்கும்போது செருகுவதுபோலவே.

"பண்றேன்டி! அதுவரைக்கும் எந் நெரையையும் சேத்துப் பாத்துக்க!"